மரவேலியும் பலகைத் திண்ணையும்



ஊரை விட்டு வந்து வேற்று மாநிலங்களில் குடியிருக்கும் நம்மவர்க்கு வீட்டின் முன்போ பின்போ கையகல நிலம் வாய்த்துவிட்டால், அதில் முதலில் தோன்றுவது ஒரு கறிவேப்பிலைக் கன்று. அடுத்தது ஒரு துளசி. அதற்கும் அடுத்தது, அவற்றை ஆடுமாடுகள் மேய்ந்துவிடாமல் காப்பதற்கு ஒரு வேலி. இவை மூன்றும் ஆன பின், மாலை வேளையில் காலை நீட்டி அமர்வதற்கு ஒரு திண்ணை இருந்தால் நன்றாயிருக்குமே என்னும் ஆசையும் மெல்லத் தலைதூக்கும். அரசாங்கக் குடியிருப்பிலும் வாடகை வீட்டிலும் செங்கல் அடுக்கித் திண்ணை கட்ட நமக்கு உரிமை இல்லை. ஆதலின் பலரும் மரத்தை நாடுகிறோம். வேண்டும்போது பிரித்து எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? அந்த மரவேலியையும் பலகைத் தளத்தையும் காப்பது எப்படி, அழகு செய்வது எப்படி என்பதே இன்றைய பேச்சின் பொருள். காப்பதை முதலிலும் அழகு செய்வதைப் பின்னரும் வைத்துச் சொல்வது வேண்டுமென்றேதான். அந்த வரிசையை மாற்றியதற்கு எங்கள் வீடு கொடுத்த விலையை முதலில் சொல்லிவிடுகிறோம்.

தில்லியில் நாங்கள் வாழும் தரைத்தளக் குடியிருப்பில், சமையலறைக் கதவைத் திறந்தால் ஒரு வேப்பமரமும் அதனடியில் பன்னிரண்டடிக்குப் பத்தடி மண்தரையும் உண்டு. தாயார் காலமான பின் தந்தையார் தஞ்சைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து எங்களோடு வந்து தங்கினார். வாழ்நாள் முழுதும் திண்ணையில் அமர்ந்து பழகியவருக்கு நாற்காலி ஒத்துவரவில்லை. "இதில் உட்கார்ந்தால் ஏதோ ஆபீசில் யாருக்காகவோ காத்திருப்பதுபோல் இருக்கிறதப்பா" என்று ஒருநாள் கூறினார். அந்தச் சொல் எங்களைச் சும்மா இருக்கவிடவில்லை. மலிவாகக் கிடைத்த பைன் பலகைகளை வாங்கி வேம்பின் அடியில் ஒரு தளம் போட்டோம். வடநாட்டார் 'சீட்' என்று வழங்கும் மரம் அது. அதே பலகையைக் கொண்டு மூன்று பக்கமும் இடுப்பளவு வேலியும் அமைத்தோம். ஜூலை மாதத்தில், இரண்டு மழைக்கு நடுவே வெயில் எட்டிப் பார்த்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில், கடையிலேயே விலையுயர்ந்த கரும்பச்சை எனாமல் வர்ணத்தை இரண்டு பூச்சுப் பூசினோம். மேற்புறம் மட்டுந்தான் பூசினோம். அடிப்புறத்தை யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்? துளசித் தொட்டியைத் தளத்தின் கிழக்கு மூலையில் வைத்தோம். காலைதோறும் ஒரு செம்பு நீர் வார்ப்பது தந்தையாரின் கடமை ஆயிற்று. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துப் பாராட்டினார்கள். எங்களுக்கும் பெருமைதான்.

மூன்றாவது மழைக்காலத்தில் ஒருநாள் காலை, செம்பும் கையுமாகத் துளசியின் அருகில் தந்தையார் காலை வைத்தபோது, பலகை ஓசையே இல்லாமல் உள்வாங்கிற்று. கீழே விழுந்ததில் அவருடைய வலக்கை மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. எழுபத்தெட்டு வயதில் ஆறு வாரம் என்பது சிறிது காலமன்று; வலக்கையால் உண்டு பழகிய மனிதருக்குப் பிறர் ஊட்ட வேண்டியிருந்ததை அவர் தாங்கிக்கொண்ட விதத்தை இங்கே விரிக்க விரும்பவில்லை.

நாங்கள் வியந்தது வேறொன்றை. மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்து அந்த இடத்தைப் பார்த்தோம். ஓட்டையைச் சுற்றியிருந்த பச்சை வர்ணம் பூசிய நாளில் இருந்ததுபோலவே பளபளத்தது. ஒரு கீறல்கூட இல்லை. அதன் அடியில் இருந்த மரமோ, ஊறிய அவலைப்போல் விரலுக்குப் பிசைந்து வந்தது.

பழுதுபார்க்க வந்த தச்சர் கோரக்பூர்ப் பக்கத்து முதியவர். பலகையைப் புரட்டினார், கட்டைவிரலால் அழுத்தினார், பின்பு சொன்னார்: "பாபுஜி, தண்ணீரில் நிற்கிறவனுக்கு மேலே மழைக்கோட்டு மாட்டியிருக்கிறீர்கள்." அரசாங்க ஆவணங்களை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றுவதே எங்கள் தொழில். ஆயினும் இந்த ஒரு வாக்கியத்தின் முழுப்பொருளும் எங்களுக்கு விளங்கச் சில மாதங்கள் ஆயின. இனி நாம் சொல்லப்போவதெல்லாம் பெரும்பாலும் அதன் விரிவுரைதான்.

மரத்தைக் கெடுப்பது நீரன்று. நீரை நம்பி வாழும் பூஞ்சணம். அது கண்ணுக்குப் புலனாகாத வித்துகளாகக் காற்றில் எங்கும் மிதக்கிறது. அதைத் தடுத்து நிறுத்த நம்மால் இயலாது. ஆனால் மரத்தினுள் இருக்கும் ஈரம், அம்மரத்தின் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழே இருக்கும்வரை அதனால் வேரூன்ற இயலாது. ஆகவே மரத்தைக் காப்பது என்பது அதை நனையாமல் வைப்பதன்று. தோட்டத்தில் அது நடவாத காரியம். நனைந்தது விரைவில் உலர வழி செய்வதே நாம் செய்யக்கூடியது. எங்கள் தளத்தில் நீர் புகுவதற்கு ஆயிரம் வழி இருந்தது. வர்ணம் காணாத அடிப்புறம், அறுத்துவிட்ட பலகை முனைகள், ஆணித் துளைகள், நாள்தோறும் கசியும் துளசித் தொட்டி என்று எல்லாமே அதற்கு வாயில்கள். வெளியேறுவதற்கோ வழி இல்லை. மேலே பூசிய அழகான எனாமல் அதனைப் பூட்டி வைத்தது. போதாக்குறைக்கு, பூசிய அன்றே பலகை ஈரமாய் இருந்தது.

பலகையின் அறுத்த முனையைப் பற்றி இங்கே ஒரு சொல். மரம் உயிரோடு நின்றபோது வேரிலிருந்து இலைக்கு நீர் ஏற்றிய நுண்குழல்கள் அனைத்தும் அந்த முனையில்தான் வாய் திறந்து நிற்கின்றன. பலகையின் பக்கங்களைக் காட்டிலும் முனையானது பல மடங்கு விரைவாக நீரை உறிஞ்சும். வேலிக் காலின் உச்சியும் இத்தகைய ஒரு முனையே. மழை நேராக விழுவது அதன்மேல்தான். நாம் வர்ணம் தீட்டும்போது தூரிகை கடைசியாகப் போய்ச் சேர்வதும், பல வேளைகளில் போகாமலே விடுவதும் அங்கேதான்.

நம் நாட்டின் பழைய தச்சர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. சாஞ்சிக்குச் சென்றவர்கள் பெருந்தூபியைச் சுற்றியுள்ள கல்வேலியைப் பார்த்திருப்பார்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டை ஒட்டிய அந்த வேலி கல்லால் ஆனது. ஆனால் கல்தச்சர் அதனை மரவேலியைப் பார்த்தே செய்திருக்கிறார்கள். நிற்கும் கால்களில் துளை இட்டு, அவற்றில் மூன்று குறுக்குச் சட்டங்களைச் செருகி, எல்லாக் கால்களின் தலைமேலும் நீண்டதொரு மகுடக் கல்லைப் படுக்க வைத்திருக்கிறார்கள். அதற்கு 'உஷ்ணீஷம்', அதாவது தலைப்பாகை, என்று பெயர். அதன் மேற்புறம் வளைவாக இருக்கிறது. நீர் தங்காது வழிந்துவிடும். கல்லுக்கு இந்தத் தலைப்பாகை தேவையே இல்லை. கல் மழையில் உளுத்துப் போவதில்லை. மரக்கால்களின் முனைகளைக் காப்பதற்கு என்று தோன்றிய உறுப்பு, பொருள் மாறிய பின்னும் அழகுக்காக நிலைத்துவிட்டது. கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் உள்ள பார்ஹுத் வேலியிலும் இதே அமைப்பைக் காணலாம். அங்கே நம் நேயர் பலர் இருக்கிறார்கள். அடுத்த விடுமுறையில் சென்று பாருங்கள். தாமரைப் பதக்கங்களும் உருவங்களும் கால்களின் நடுவிலும் சட்டங்களின் நடுவிலும் செதுக்கப்பட்டிருக்கின்றன, மூட்டுகளில் இல்லை. மூட்டில் செதுக்கினால் மரம் வலுவிழக்கும் என்பதும் தச்சரின் நினைவாகவே இருக்கலாம்.

வேலிக் கால் கெடுகிற இன்னோர் இடம் மண்ணும் காற்றும் சந்திக்கும் மட்டம். மண்ணுக்கு ஓரடி கீழே ஈரம் உண்டு, காற்று குறைவு. மேலே காற்று உண்டு, ஈரம் குறைவு. பூஞ்சணத்துக்கு இரண்டும் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைப்பது தரைமட்டத்தை ஒட்டிய நாலைந்து அங்குலத்தில்தான். எங்கள் வேலிக் கால்கள் அனைத்தும் ஒரே அளவாக அங்கேதான் ஒடிந்தன. மண்ணுக்குள் இருந்த பகுதியைத் தோண்டி எடுத்தபோது ஓரளவு கெட்டியாகவே இருந்தது. இதற்குப் பெரியதொரு சான்று பாட்னாவில் உண்டு. மௌரியர் தலைநகரான பாடலிபுத்திரத்தைச் சுற்றி மரத்தால் ஆன மதில் இருந்தது என்று மெகஸ்தனிஸ் எழுதியதைக் கிரேக்க ஆசிரியர்கள் எடுத்துரைத்திருக்கிறார்கள். 64 வாயில்களும் 570 கோபுரங்களும் கொண்டதாம் அது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் புலந்திபாக் என்னுமிடத்தில் அகழ்ந்தபோது அந்த மர அரணின் பகுதி ஒன்று வெளிப்பட்டது. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட மரம் அது. நீர் ஊறிய, காற்றுப் புகாத மண்ணுக்குள் கிடந்ததனால் பிழைத்தது. மேலே வெயிலிலும் மழையிலும் நின்ற பகுதி என்றோ மறைந்துபோயிற்று.

ஆகவே மரக்காலை நேரே மண்ணில் நடாதீர்கள். கல்லிலோ கான்கிரீட்டிலோ சிறு அடித்தளம் வைத்து, அதில் இரும்புப் பாதம் ஒன்றைப் பதித்து, காலை மண்ணுக்கு நாலைந்து அங்குலம் உயரத்தில் அதன்மேல் நிறுத்துங்கள். இரும்புக்குத் துத்தநாக முலாம் இருக்க வேண்டும். இதனால் கறையானுக்கும் ஒரு தடை ஏற்படுகிறது. கறையான் வெளிச்சத்தில் நடவாது. மண்ணால் குழல் கட்டிக்கொண்டு அதனுள்ளேதான் ஏறும். கால் மண்ணில் புதைந்திருந்தால் உள்ளே புகுவது நம் கண்ணில் படாது. இடைவெளி இருந்தால் அந்தக் குழல் வெளியே தெரியும், துடைப்பத்தால் தட்டிவிடலாம்.

இனி எந்த மரம் என்று கேட்பீர்கள். எந்த மரம் என்பதைவிட, அம்மரத்தின் எந்தப் பகுதி என்பதே முக்கியம். ஊரில் 'வைரம் பாய்ந்த கட்டை' என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். மரத்தின் நடுவே நிறம் ஏறி இறுகிய பகுதி வைரம். அதனைச் சுற்றி வெளுத்திருப்பது வெளிறு. தேக்கின் வைரப்பகுதி பல்லாண்டு வெளியில் நிற்கும். அதே தேக்கின் வெளிறு சில ஆண்டுகளிலேயே உளுக்கும். தொல்காப்பிய மரபியல், உள்ளே வன்மை உடையதை மரம் என்றும், புறத்தே வன்மை உடையதைப் புல் என்றும் பிரிக்கிறது. அதன்படி பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லே ஆகும். ஏட்டுப் படிப்பாகக் கற்ற அந்தப் பாகுபாடு மரக்கடையில் பயன்படும் என்று கல்லூரி நாளில் நாங்கள் எண்ணியதில்லை. மூங்கிலின் பட்டைப் புறத்தைச் சீவினால் அதன் வலிமையைச் சீவியவராவோம். தேக்கின் புறத்தைச் சீவினால் அதன் பலவீனத்தைச் சீவியவராவோம். கடைக்காரர் தேக்கு என்று சொன்னால் மட்டும் போதாது. பலகையின் ஓரத்தில் வெளுத்த பட்டை எவ்வளவு ஓடுகிறது என்று பாருங்கள்.

வடக்கே சால மரம் வலிமையானது. ரயில் தண்டவாளத்தின் அடியில் காலங்காலமாகக் கிடந்தது அதுதான். இமயமலைத் தேவதாரு எடை குறைந்தது, ஆயினும் நீருக்கு அஞ்சாதது. காசுமீரத்துத் தால் ஏரியில் மிதக்கும் படகு வீடுகள் அதனால் ஆனவை. விலை தாங்காது என்று எண்ணுவோர், இடித்த வீடுகளின் பழைய கதவுகளையும் உத்தரங்களையும் விற்கும் கடைகளுக்குச் செல்லலாம். நன்றாக உலர்ந்து அடங்கிய தேக்கு அங்கே கிடைக்கும். எங்கள் இரண்டாவது தளம் அப்படி வந்ததுதான். பிளாஸ்டிக்கும் மரத்தூளும் கலந்த பலகைகள் இப்போது பரவலாக வந்துள்ளன. அவை எளிதில் உளுப்பதில்லை. ஆனால் தில்லியின் மே மாத வெயிலில் வெறுங்காலோடு அவற்றின்மேல் நடந்து பார்த்தவர்கள் மறுமுறை நடக்க விரும்பார்.

பைன் போன்ற மென்மரம்தான் கிடைக்கிறது என்றால் மருந்தேற்றிய மரமாக வாங்க வேண்டும். இந்தத் துறையில் உலகம் முழுவதும் பயன்பட்ட ஒரு முறையைக் கண்டவர் ஓர் இந்தியரே என்பதை நம்மில் பலர் அறியோம். 1906ல் டேராடூனில் நிறுவப்பட்ட வன ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த சொண்டி காமேசம், தாமிரம், குரோமியம், ஆர்செனிக் என்னும் பாஷாணம் ஆகிய மூன்றின் உப்புகளையும் சேர்த்து 1933ல் ஒரு கலவையை உருவாக்கினார். தாமிரம் பூஞ்சணத்தைத் தடுக்கும். பாஷாணம் கறையானைக் கொல்லும். குரோமியம் இவ்விரண்டையும் மழையில் கரைந்து ஓடாதபடி மரத்தோடு பிணைக்கும். மின்கம்பங்களும் வேலிக் கால்களும் நாடு பல கடந்து இம்முறையால் நிலைத்தன. ஆயினும் காலப்போக்கில் பாஷாணம் சிறிது சிறிதாக வெளியேறுவதைக் கண்டு, அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டின் முடிவோடு வீடுகளுக்கான மரத்தில் இதன் உபயோகத்தைக் கைவிட்டார்கள். குழந்தைகள் தவழ்ந்து விளையாடும் தளத்துக்கு நாமும் இதனைத் தவிர்ப்பதே நலம். பாஷாணம் கலவாத தாமிரக் காப்புகள் உண்டு. பழைய வேலியின் துண்டுகள் இந்த மருந்தேறியவை என்று தெரிந்தால் குளிர்காலத்தில் அவற்றை எரித்துக் குளிர்காயாதீர்கள். புகையும் நஞ்சு, சாம்பலும் நஞ்சு. மருந்தேற்றிய பலகையை வீட்டில் அறுத்தால், அறுத்த முனைக்கு மீண்டும் காப்புத் திரவம் தடவ வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

மோட்டார் வண்டியிலிருந்து வடித்த பழைய எண்ணெயை வேலிக்குப் பூசும் வழக்கம் வடக்கிலும் தெற்கிலும் உண்டு. செலவில்லை என்பது ஒன்றே அதன் சிறப்பு. அந்தக் கசடு மண்ணில் இறங்கும். அருகில் கறிவேப்பிலை இருந்தால் அதன் கதி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இனிப் பூச்சு. வேலிக்கும் தளத்துக்கும் ஒரே பூச்சு உதவாது. வேலி செங்குத்தாக நிற்பது. மழை வழிந்தோடிவிடும், யாரும் மிதிப்பதில்லை. ஆகவே உலர்ந்த மரமாயிருந்தால், முனைகளுக்கும் பின்புறத்துக்கும் சேர்த்து அடிப்பூச்சுக் கொடுத்து, அதன்மேல் வெளிப்புற வர்ணம் தீட்டலாம். தளமோ படுத்துக் கிடப்பது; நீர் தேங்கும், செருப்பு உராயும். அதன்மேல் ஏடுபோல் படியும் எனாமலும் வார்னீஷும் விரைவில் வெடித்து, வெடிப்பின் வழியே நீரை உள்ளே விட்டுக் காவல் காக்கும். நனைந்தால் வழுக்கவும் செய்யும். தளத்துக்கு ஏற்றது மரத்தினுள் ஊறிச் செல்லும் எண்ணெய்ப் பூச்சு. ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ மறுபடி தடவ வேண்டியிருக்கும். ஆனால் சுரண்ட வேண்டியதில்லை. தடவும் காலம் வந்ததா என்று அறிய, உலர்ந்த பலகைமேல் நாலு துளி நீர் தெளித்துப் பாருங்கள். முத்தாக நின்றால் பொறுத்திருக்கலாம். சில நிமிடங்களில் உறிஞ்சப்பட்டால் எண்ணெய்க்கு நாள் வந்துவிட்டது.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெயிலின் புறஊதாக் கதிர், மரத்தின் நார்களைப் பிணைக்கும் பொருளைச் சிதைத்து, மேற்பரப்பைச் சாம்பல் நிறமாக்குகிறது. நிறமற்ற பூச்சு இக்கதிரைத் தடுப்பதில்லை. நிறமி கலந்தது தடுக்கும். நம் கோயில் மதில்களில் தீட்டும் காவிக்கல், வடநாட்டார் 'கேரு' என்று கூறுவது, இரும்பின் துரு சேர்ந்த மண்தான். வெயிலைத் தடுக்கும் நிறமிகளில் அது மிகச் சிறந்த ஒன்று. ஆகவே காவி நிற எண்ணெய்ப் பூச்சைத் தேர்ந்தெடுத்தால் அழகும் காப்பும் ஒன்றாகவே கிடைக்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை, தவறாமல் கேளுங்கள். ஆளிவிதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெய்களைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். எண்ணெய் உலரும்போது வெப்பம் பிறக்கிறது. சுருண்ட துணியில் அந்த வெப்பம் வெளியேற வழியின்றி, நெருப்பு வைக்காமலே தீப்பற்றிக்கொள்ளும். துணியைத் திறந்த வெளியில் தனித்தனியாக விரித்து உலர்த்துங்கள், அல்லது நீரில் அமிழ்த்தி வையுங்கள். பழைய வேலியில் பழைய வர்ணம் இருந்தால் இன்னொரு கவலையும் உண்டு. வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி நம் நாட்டில் 2016ல் இயற்றப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட பூச்சில் ஈயம் மிகுந்திருக்கலாம். அதனை உலர்வாகச் சுரண்டித் தூசி எழுப்பாமல், நனைத்துச் சுரண்டி, கீழே விரித்த தாளோடு சேர்த்து அப்புறப்படுத்துங்கள். அன்று குழந்தைகள் அந்தப் பக்கம் வராதிருக்கட்டும்.

எங்கள் இரண்டாவது தளத்தைத் தச்சர் கட்டிய விதம் இது. பலகைகளுக்கு இடையே ஒரு பென்சில் கனம் இடைவெளி. நீர் கீழே இறங்கவும் காற்று மேலே வரவும் அதுவே வழி. அடியில் கல்மேடை, மண்ணைத் தொடாத சட்டங்கள். ஆணிக்குப் பதில் துருப்பிடியாத திருகாணி. ஒரு பலகை கெட்டால் அந்த ஒன்றை மட்டும் கழற்றி மாற்றலாம். பூட்டுமுன் ஒவ்வொரு பலகைக்கும் நாலு புறமும், முனை இரண்டுக்கு இரண்டு முறையும், எண்ணெய் தடவினார். இதற்கு அவர் எடுத்துக்கொண்ட நாட்களைக் கண்டு நாங்கள் பொறுமை இழந்ததுண்டு. தந்தையார் மட்டும் கட்டிய கையோடு அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இந்தி தெரியாது. தச்சருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க நாங்கள் முன்வந்தபோது இருவருமே தேவையில்லை என்று கையசைத்துவிட்டார்கள்.

அழகு செய்வதற்கு இப்போது வருவோம். வேலியில் கொடி படர விடுவது நம்மவர்க்குப் பிடித்தமானது. ஆண்டு முழுதும் இலை அடர்ந்து நிற்கும் கொடி மரத்தைத் தழுவினால் அங்கே ஈரம் குடிகொள்ளும். வர்ணம் தீட்டவும் இயலாது. வேலியிலிருந்து ஒரு கை தள்ளிக் கம்பி கட்டி, அதில் அவரையோ பாகலோ படர விடுங்கள். பருவம் முடிந்ததும் கொடியை அறுத்துவிட்டு வேலியைத் துடைத்துப் பார்க்கலாம். எங்கள் வேலியில் அவரை காய்த்த ஆண்டு, பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மையார் வேலிக்கு மேலாகவே காயும் பறித்துக்கொண்டு சமைக்கும் முறையும் கேட்டறிந்தார்.

பூந்தொட்டிகளை நேரே பலகைமேல் வைக்க வேண்டாம். மூன்று ஓட்டுச் சில்லுகளின்மேல் வைத்தால் அடியில் காற்று ஓடும். கோலம் போட விரும்புவோர் ஈர மாக்கோலத்தைத் தினமும் பலகையில் இடுவதைவிட, காவி எண்ணெய் உலர்ந்த பின் வெளிப்புற வெள்ளை வர்ணத்தால் மெல்லிய இழையாக ஒரு கோலம் தீட்டிவிடலாம்; எங்கள் வீட்டில் புள்ளி வைத்தவர் தந்தையார், இழை இழுத்தது பேத்தி. கார்த்திகை விளக்கையும் தீபாவளி விளக்கையும் வேலியின் தலைச்சட்டத்தில் வரிசையாக வைப்பது கண்கொள்ளாக் காட்சிதான். ஆயினும் ஒவ்வோர் அகலுக்கும் அடியில் ஒரு தட்டு வேண்டும். புதிதாக எண்ணெய் தடவிய மரத்தில் அந்த ஆண்டு விளக்கு வைக்கவே வேண்டாம்.

பிற ஊர்களில் கேட்டுக்கொண்டிருப்பவர்க்குச் சுருக்கமாகச் சில. பம்பாயிலும் கல்கத்தாவிலும் மழைக்காலத்தில் பாசி படரும். கெட்டித் தூரிகையும் சோப்பு நீருமே போதும். ப்ளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டினால் மரநாரும் திருகாணியும் செடியும் சேர்ந்து கெடும். அசாமில் உள்ளோர்க்கு மூங்கில் வேலிதான் எளிது. மூங்கிலில் உள்ள மாச்சத்தை நாடியே துளைக்கும் வண்டு வருகிறது. ஆதலின் உலர் பருவத்தில் வெட்டி, சில வாரம் ஓடும் நீரில் ஊறவைத்து அந்தச் சத்தைக் கரைத்துவிடும் அந்நாட்டு வழக்கம் தக்க காரணம் உள்ளது. தில்லியிலும் அதைச் சுற்றியும் உள்ளோர் பூச்சு வேலையை மார்ச் மாதத்திலோ, மழை ஓய்ந்து மரம் உலர்ந்தபின் அக்டோபர் கடைசியிலோ வைத்துக்கொள்ளலாம். மே மாத நடுப்பகலில் பலகை அடுப்புபோல் காய்ந்திருக்கும்; பூச்சு ஊறுமுன்னரே உலர்ந்துவிடும். ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை வேண்டாம்.

நல்ல மரத்தைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். உளுத்தது மொத்தென்று ஒலிக்கும். ஐயமிருந்தால் குத்தூசியால் அழுத்திப் பாருங்கள். எளிதில் உள்ளே இறங்கினால் அந்தப் பலகையை அன்றே மாற்றிவிடுங்கள். எங்கள் வீட்டில் இந்தச் சோதனைக்கு ஆள் இருக்கிறார். எலும்பு கூடிவிட்டது, ஆனால் அந்தக் கை முன்போல் முழுதாகத் திரும்புவதில்லை, செம்பை இப்போது இடக்கையில்தான் பிடிக்கிறார். காலையில் கதவைத் திறந்ததும் வலக்கையில் உள்ள கைத்தடியால் வாயிலிலிருந்து துளசி வரை ஒவ்வொரு பலகையாகத் தட்டிக்கொண்டே நடக்கிறார். பதினொரு பலகை. படுக்கையில் இருந்தபடியே நாங்கள் எண்ணிக்கொண்டிருப்போம்.